கீழ்ப்படிந்தவருக்கு என்ன பாதுகாப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்கக் காவலர்களின் துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் இறக்கும்போதெல்லாம், ‘சொன்னபடி கேட்டிருந்தால் பிழைத்திருப்பார்’ என்று பலர் தீர்ப்பளித்துவிடுவது வேதனையளிக்கிறது. 2016 ஜூலை 6 அன்று மின்னசோட்டா மாநிலத்தில், பள்ளி உணவுக்கூட மேற்பார்வையாளரான ஃபிலாண்டோ காஸ்டில், காவலர் நிறுத்தியதும் காரை நிறுத்தி, தம்மிடம் துப்பாக்கி இருப்பதை, அதற்கு முறையான உரிமம் பெற்றிருந்த அவர், கேட்கப்படும் முன்பே மரியாதையுடன் தெரிவித்தார். சில நொடிகளில் காவலர் அவரை நோக்கி ஏழு முறை சுட்டதில் அவர் இறந்தார்; பின்னிருக்கையில் நான்கு வயதுக் குழந்தை இருந்தது. ஓட்டுநர் உரிமத்தைக் காட்டச் சொன்ன அதே காவலர், அடுத்த நொடியே துப்பாக்கியை எடுக்கக் கூடாது என்று கத்தினால், பணிய விரும்புபவர் எந்த ஆணைக்குப் பணிவது? அந்தக் காவலரை 2017இல் நீதிமன்ற நடுவர் குழு (ஜூரி) விடுவித்தது. காவலரின் அச்சமே நியாயமாகிவிடும் இடத்தில், குடிமக்களுக்கு மட்டும் பணிவைப் போதிப்பது அநீதி.

இப்படிக்கு,
ஒரு வாசகர்