வளர்ந்தவர்களுக்கும் ஆட்டிசம் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏப்ரல் 2, உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாளையொட்டித் தங்கள் நாளிதழில் வந்த பக்கத்தைப் படித்தேன். நல்ல முயற்சி. ஆனால் படத்திலும் கட்டுரையிலும் இருந்த அத்தனை பேரும் குழந்தைகள். அந்தக் குழந்தைகள் வளர்ந்து ஆளாகிப் பேருந்தில் நம் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறார்கள், நம்மோடு வேலை பார்க்கிறார்கள். அவர்களைப் பற்றி யாரும் எழுதக் காணோம். என் தம்பி அப்படிப்பட்டவன். 28 வயது. கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான்.

கோவையில் ஒரு மருத்துவர் இது ஆட்டிசத்தில் ஒரு வகையான ‘ஆஸ்பெர்ஜர்’ என்று சொன்னபோது அவன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். அதுவரை உறவிலும் ஊரிலும் அவனுக்கு வைத்த பெயர் ‘திமிர் பிடிச்சவன்’. முகத்தைப் பார்த்துப் பேச மாட்டான். வீட்டுக்கு வந்தவர்களை ‘வாங்க’ என்று கேட்க மாட்டான். ஆனால் மலை ரயில் என்று யாராவது வாயெடுத்தால் போதும். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் பல்சக்கரம் தண்டவாளத்தை எப்படிப் பிடிக்கிறது, மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 208 வளைவு, 250 பாலம், 16 குகை என்று ஆரம்பித்துவிடுவான். எதிரே இருப்பவர் எழுந்து போகத் துடிப்பது அவனுக்குத் தெரியாது. ‘தம்பி, எனக்கு நேரமாச்சு, மீதியை நாளைக்குக் கேட்கிறேன்’ என்று வாய்விட்டுச் சொன்னால் உடனே நிறுத்திவிடுவான். கோபித்துக்கொள்ள மாட்டான்.

வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்ஜர் என்ற குழந்தை மருத்துவர் 1944இல் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி எழுதினார். 1981இல் இங்கிலாந்தின் லோர்னா விங் எழுதியதற்குப் பிறகுதான் அவர் பெயரால் இதை உலகம் அறிந்தது. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு தனிப்பெயரை எடுத்துவிட்டு ஆட்டிசத்தோடு சேர்த்துவிட்டது. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சொல்லப்பட்ட 21 வகைகளிலும் ஆட்டிசம் என்றுதான் இருக்கிறது. அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீட்டில் இவர்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் சான்றிதழுக்குப் போய் நின்றால், ‘டிகிரி முடிச்சிருக்கான், நல்லா பேசுறான், இவனுக்கா ஆட்டிசம்?’ என்கிறார்கள். பேச்சு வருகிறது, உண்மைதான். பேச்சில் நாம் சொல்லாமல் விடுகிறோமே, அது அவனுக்குப் பிடிபடாது.

முன்பு அவன் இருந்த தொழிற்சாலையில் நடந்ததைச் சொல்கிறேன். மேற்பார்வையாளர் அவனைத் தேயிலையைச் சூட்டில் உலர்த்தும் டிரையர் பக்கத்தில் நிறுத்தி, ‘தம்பி, இதைக் கொஞ்சம் பார்த்துக்கோ’ என்று சொல்லிவிட்டு வெளியே போனார். இவனும் பார்த்தான். ஒரு துண்டுத் தாளில் நேரத்தையும் சூட்டையும் வரிசையாக எழுதிக்கொண்டே பார்த்தான். சூடு ஏறிக்கொண்டே போனதும் அந்தத் தாளில் இருக்கிறது. தூள் கருகிவிட்டது. ‘கண்ணு முன்னாடி கருகுது, மரமாட்டம் நிக்கிறியே!’ என்று அவர் சத்தம் போட, ‘பார்க்கத்தானே சார் சொன்னீங்க’ என்றான். எதிர்த்துப் பேசினான் என்று அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். அவனுக்கு எதிர்த்துப் பேசத் தெரியாது ஐயா. சொன்னதைச் செய்தோம், பிறகு ஏன் திட்டுகிறார்கள் என்று ராத்திரி முழுக்க என்னைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

இப்போது இருக்கும் இடத்தில் தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் படித்த மனிதர் இல்லை. ஆஸ்பெர்ஜர் என்ற பெயரையே அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனால் அவர் சொல்வது இப்படி: ‘தம்பி, முள்ளு இந்தக் கோட்டைத் தாண்டினா உடனே என்னை வந்து கூப்பிடு. நான் யார்கூடப் பேசிட்டு இருந்தாலும் கூப்பிடு.’ இன்றைக்கு டிரையரை அவனை நம்பி விட்டுப் போகிறார். வேறு எந்தச் சலுகையும் நாங்கள் கேட்டதில்லை.

இவர்களுக்குப் பாசம் கிடையாது என்று சிலர் பேசுவதை என்னால் பொறுக்க முடியவில்லை. எங்கள் பெரியப்பா தவறிய அன்று, துக்கத்துக்கு வந்தவர்கள் நடுவில், ‘பெரியப்பா சுகர் மாத்திரையை நிறுத்தி நாலு மாசமாச்சு’ என்று சொல்லிவிட்டான். சொந்தக்காரர்கள் பாய்ந்துவிட்டார்கள். அதே பிள்ளைதான் காரியம் முடியும்வரை விடியற்காலையில் போய்ப் பெரியம்மாவுக்கு வெந்நீர் போட்டு, அடுப்புக்கு விறகு பிளந்து வைத்தான். யாரும் சொல்லவில்லை. பெரியம்மாவுக்குத் தெரியும். ஆட்டிசம் உள்ள சமூகவியலாளரான டேமியன் மில்டன் 2012இல் எழுதியதும் இதைத்தான்: அவர்களுக்கு நம்மைப் புரியாதது பாதி என்றால், நமக்கு அவர்களைப் புரியாதது மறுபாதி. நம் பாதியைச் சரிசெய்ய நாம் இதுவரை என்ன செய்திருக்கிறோம்?

இன்னொன்று சத்தம். கொண்டை ஊசி வளைவில் ஓட்டுநர் ஹாரன் அடித்துத்தான் ஆக வேண்டும், அதை நான் குறை சொல்லவில்லை. நமக்குக் காதில் விழுந்து போகும் அந்தச் சத்தம் அவன் உடம்பையே உலுக்குகிறது. அதனால் காதை மூடிய கம்பளிக் குல்லா போட்டுக்கொண்டுதான் பேருந்தில் ஏறுவான். டிசம்பரில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மே மாதத்தில் பின்சீட்டுப் பையன்கள் அதை இழுத்து விளையாடுகிறார்கள். பக்கத்தில் இருக்கும் பெரியவர்கள் ஒரு வார்த்தை அதட்டினால் போதும்.

ஊட்டி சீசன் வேறு வருகிறது. சுற்றுலா வண்டிகளை ஒருவழியாக்கிக் கோத்தகிரி வழியே இறக்கிவிடும்போது பேருந்து நேரமும் நிற்கும் இடமும் மாறிவிடுகின்றன. நமக்கு எரிச்சலோடு போகும். தம்பிக்கு அன்றைய நாளே உடைந்துபோகும். நின்ற இடத்தை விட்டு நகர முடியாமல் அப்படியே நிற்பான். அவனைக் கூட்டிக்கொண்டு வர நான் கடையைப் பூட்டிவிட்டு ஓட வேண்டும். முதல் நாள் சாயங்காலமே தெரிந்துவிட்டால் அவனே சமாளித்துக்கொள்வான். ஆகவே, சீசன் மாற்றங்களை முதல் நாளே பேருந்து நிலையத்தில் பலகையில் எழுதி வைக்கும்படி போக்குவரத்துக் கழகத்தையும் காவல் துறையையும் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் நாளிதழின் நீலகிரிப் பக்கத்திலும் அதை வெளியிட்டால் நல்லது. தம்பி காலையில் எழுந்ததும் முதலில் பார்ப்பது தங்கள் நாளிதழைத்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோத்தகிரி.