எல்லா நாட்டுக்கும் ஒரே ஒப்பந்தம் ஏன் தருவதில்லை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"ஒரு நாட்டில் ஆள் எடுக்க இரண்டே நாளில் வேலை ஒப்பந்தம் முடித்துத் தந்தீர்கள், இன்னொரு நாட்டுக்கு மூன்று வாரம் கேட்கிறீர்களே?" என்ற கேள்வி எங்களுக்கு அடிக்கடி வருகிறது. கூடவே, "போன தடவை போட்ட ஒப்பந்தத்திலேயே பெயரை மட்டும் மாற்றித் தந்தால் என்ன?" என்றும் கேட்கிறீர்கள். தரமாட்டோம் என்று சொல்லிவிட்டுக் காரணம் சொல்லாமல் இருப்பது சரியில்லை, அதனால்தான் இந்த மடல்.

ஆரம்பத்தில் நாங்களும் ஒரே டெம்ப்ளேட்டைத்தான் எல்லோருக்கும் கொடுத்தோம். அப்போது ஒரு வாடிக்கையாளர், ஜெர்மனியில் தனக்காக வேலை செய்த ஒருவருக்குப் பணிநீக்கக் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு எங்களுக்குத் தகவல் சொன்னார். அந்த நாட்டுச் சட்டப்படி காகிதத்தில் பேனாவால் கையெழுத்திட்ட கடிதம் அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும், மின்னஞ்சல் செல்லாது. எங்கள் ஒப்பந்தத்தில் "எழுத்துமூலம்" என்று மட்டும் இருந்தது, தப்பு எங்களுடையது. மறுபடியும் முறைப்படி அனுப்பியதில் நோட்டீஸ் காலம் தள்ளிப்போய் வாடிக்கையாளருக்குக் கூடுதல் சம்பளச் செலவு. அதைவிட, வேலை போகிறவருக்கு அந்தக் கடிதம் இரண்டு முறை வந்ததுதான் எங்களை ரொம்ப வருத்தியது. அன்றோடு அந்த டெம்ப்ளேட்டை நிறுத்திவிட்டோம்.

சட்டம் மாறினால் ஆள் எடுக்கும் பழக்கமே மாறிவிடுகிறது. அமெரிக்காவில், மொன்டானா மாநிலம் தவிர மற்ற இடங்களில், தனியார் வேலையைப் பொதுவாக இரண்டு தரப்பில் யாரும் எப்போது வேண்டுமானாலும் முறித்துக்கொள்ளலாம். இனம், மதம், பாலினம் பார்த்தோ பழிவாங்கவோ நீக்கக் கூடாது, அந்த மாதிரி வரம்புகள் உண்டு. அதனால் அங்கே சட்டென்று எடுப்பார்கள், சட்டென்று விடுவார்கள். ஜெர்மனியில் பத்துப் பேருக்கு மேல் இருக்கும் இடத்தில் ஆறு மாதம் முடித்த ஒருவரை நீக்க, சட்டம் ஏற்கும் காரணம் வேண்டும். அங்கே வேலை செய்பவர்கள் தேர்ந்தெடுத்த பணியாளர் குழு இருந்தால் முதலில் அதனிடம் கருத்துக் கேட்க வேண்டும், கேட்காமல் கொடுத்த நோட்டீஸ் செல்லாது. அதனால் அங்கே எடுக்கும்போதே நிதானமாகப் பார்ப்பார்கள், முதல் ஆறு மாதம் உண்மையிலேயே சோதனைக் காலமாக நடக்கும். மூன்று வாரம் கேட்பதும் இதனால்தான்.

அப்புறம், "இங்கிருந்து போனால் போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது" என்ற ஷரத்து. இதைத்தான் நீங்கள் அதிகம் கேட்டு வாங்குகிறீர்கள், இதில்தான் நாங்கள் அதிகம் மறுக்கிறோம். கலிபோர்னியாவில் 1872-ஆம் ஆண்டிலிருந்தே அது செல்லாது, 2024 முதல் அப்படி ஒரு ஷரத்தை ஒப்பந்தத்தில் எழுதுவதே சட்டவிரோதம். இந்திய ஒப்பந்தச் சட்டமும் அதே 1872-இல் வந்ததுதான். அதன் 27-ஆவது பிரிவுப்படி, வேலையை விட்டுப் போனவரைப் பிழைப்பு நடத்தவிடாமல் கட்டிப்போடும் நிபந்தனை செல்லாது. ஜெர்மனியில் செல்லும், ஆனால் அதிகபட்சம் இரண்டு வருடம்தான், அந்தக் காலம் முழுவதும் கடைசியாக வாங்கிய ஊதியத்தில் பாதியாவது நீங்கள் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆக, அதே நாலு வரி ஓரிடத்தில் வெற்றுக் காகிதம், இன்னோரிடத்தில் மாதாமாதம் செலவு. ஆளைக் கட்டிப்போட முடியாத இடங்களில் நிறுவனங்கள் நல்ல சம்பளமும் நிறுவனத்தில் பங்கும் கொடுத்துத் தக்கவைக்கின்றன, ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தை ஒழுங்காக எழுதுகின்றன. எங்களைக் கேட்டால் அதுதான் நியாயமான வழி.

நிறுவனத்தின் அளவைக்கூடச் சட்டம் தீர்மானிக்கிறது. பிரான்சில் ஐம்பது பேரைத் தொட்டு அந்த அளவிலேயே நீடித்தால் நிறையப் புதுக் கடமைகள் வந்து சேரும், அதனால் 49 பேரோடு நின்றுவிடும் நிறுவனங்கள் அங்கே கண்ணில் படும் அளவுக்கு அதிகம். உங்களிடம் ஒவ்வொரு முறையும் தலைக்கணக்குக் கேட்டுத் தொந்தரவு செய்வது இதற்குத்தான்.

அரசு அலுவலகங்களும் இப்படித்தான். இந்தியாவின் 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் 30 நாளில் பதில் தர வேண்டும். காரணமில்லாமல் தாமதித்தால் அந்த அலுவலருக்கே நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். தனி மனிதர் மேல் பொறுப்பு விழும்போது ஃபைல் நகரும். "ஃபைல் நகர ஏதாவது கொடுக்கலாமா?" என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவின் 1977 லஞ்சத் தடுப்புச் சட்டத்தில் வெளிநாட்டு அலுவலர்களுக்கு வழக்கமான வேலையை விரைவுபடுத்தக் கொடுக்கும் சிறு தொகைக்கு ஒரு விலக்கு உண்டு, பிரிட்டனின் 2010 லஞ்சச் சட்டத்தில் அதுவும் கிடையாது, பிரிட்டனில் உங்களுக்குக் கொஞ்சம் வியாபாரம் இருந்தாலே வேறு நாட்டில் கொடுத்ததற்கும் அந்தச் சட்டம் உங்களைத் தேடி வரலாம். எங்கள் பதில் எல்லா நாட்டுக்கும் ஒன்றுதான்: கொடுக்காதீர்கள், நாங்களும் கொடுக்கமாட்டோம்.

சரி, இனிமேல் புதிதாக ஒருவரை எடுக்கும்போது மூன்று விஷயம் சொல்லுங்கள். அந்த நாட்டில் உங்களுக்கு இப்போது எத்தனை பேர்? அவருடைய வேலை நேரத்தை யார் முடிவு செய்கிறார்கள், நீங்களா அவரா? (நீங்கள் என்றால், ஃப்ரீலான்சர் என்று பெயர் வைத்தாலும் பல நாடுகளில் நீதிமன்றம் அவரைப் பணியாளராகத்தான் பார்க்கும்.) தேர்வாகாதவர்களின் பயோடேட்டாவை எங்கே, எத்தனை நாள் வைத்திருக்கிறீர்கள்? ஐரோப்பிய ஒன்றியத்தில் தனிநபர் தகவல்களைப் பாதுகாக்கும் சட்டப்படி 2018 மே முதல் அதற்கும் கணக்குச் சொல்ல வேண்டும். இவை கைக்கு வந்தால் எங்கள் வேலை வேகமாக நடக்கும்.

யாரையாவது நீக்க வேண்டிய நிலை வந்தால், கடிதம் அனுப்புவதற்கு முன்னால் எங்களுக்கு ஒரு போன் செய்யுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஒப்பந்தங்களைப் பார்த்துக்கொள்ளும் குழு