பல்லுக்கும் ஒரு டாக்டர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருநங்கையர் தினத்தையொட்டி நீங்கள் வெளியிட்ட சிறப்புப் பக்கத்தைப் படித்தேன். 2008இல் தமிழ்நாட்டில் எங்களுக்கென நல வாரியம் வந்தது, 2014 ஏப்ரல் 15இல் எங்களை மூன்றாம் பாலினமாக ஏற்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது, எல்லாம் சரியாக எழுதியிருந்தீர்கள். மருத்துவம் பற்றிய பத்தியில் அறுவை சிகிச்சை, ஹார்மோன், எச்.ஐ.வி. என்று வரிசையாக இருந்தன. பல் இல்லை. எங்கள் உரிமைகளுக்கான 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் மருத்துவ வசதிகளைச் சொல்லும் 15ஆவது பிரிவிலும் இதே கதைதான்.

போன ஆவணியில் என் மகளுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. நான் பெற்றவள் இல்லை. வீட்டை விட்டுத் துரத்தப்பட்டு வந்து என்னை அம்மா என்று கூப்பிட்டவள். கிராம்பை நசுக்கி வைத்துப் பார்த்தாள். இரண்டு நாள் தாங்கியது. அப்புறம் கன்னத்துக்குள் புகையிலையை அடக்கிக்கொண்டாள், மரத்துப்போகும் என்று. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், "அங்க எல்லார் முன்னாடியும் பழைய பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்கம்மா" என்று அழுதாள். ஆதாரில் இன்னும் அந்தப் பெயர்தான் இருக்கிறது.

ஒரு வாரத்தில் கண் மூடுகிற அளவுக்குக் கன்னம் வீங்கிவிட்டது. தனியார் கிளினிக் ஒன்றுக்கு இழுத்துக்கொண்டு போனேன். எங்களுக்குப் பின்னால் வந்த நான்கு பேரை முதலில் உள்ளே அனுப்பினார்கள். எங்கள் முறை வந்தபோது டாக்டர் வாயைத் திறக்கக்கூடச் சொல்லவில்லை. "எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்துட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்" என்றார். அந்தப் பரிசோதனையைச் சிகிச்சைக்கு நிபந்தனையாக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் தெளிவாகச் சொல்கிறது. கையுறை போடுவதும் கருவிகளைக் கிருமி நீக்குவதும் வருகிற எல்லோருக்கும் ஒன்றுபோலச் செய்ய வேண்டிய வேலை. ஆளைப் பார்த்துச் செய்வதற்கு அதில் என்ன இருக்கிறது?

கடைசியில் அரசு மருத்துவமனைக்குப் போனோம். அங்கிருந்த பெண் டாக்டர் சீட்டைப் பார்த்தார், இவள் முகத்தைப் பார்த்தார். "உன்னை எப்படிம்மா கூப்பிடணும்?" என்று கேட்டு, இவள் சொன்ன பெயரைச் சீட்டின் மேல் பேனாவால் எழுதிக்கொண்டார். இவள் உடனே வாயைத் திறந்தாள். ஆனால் பல் போய்விட்டது. சீழ் வைப்பதற்கு முன்பே வந்திருந்தால் அடைத்துக் காப்பாற்றியிருக்கலாம் என்றார். புகையிலை அடக்கிய இடத்தில் ஒரு வெள்ளைப் படையும் இருந்தது. புற்றாக மாறக்கூடியது, விட்டுவிடாமல் வந்து காட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். அந்த டாக்டர் இருக்கிற நாளாகப் பார்த்து இவள் இப்போது தவறாமல் போகிறாள், புகையிலையையும் விட்டிருக்கிறாள்.

பெண் என்று வளர்க்கப்பட்டு ஆணாக வாழும் திருநம்பிகளும் பல்வலியை இப்படித்தான் மாத்திரை போட்டு அடக்குகிறார்கள். வலி தாங்காமல் போகிறபோது பல்லைப் பிடுங்கத்தான் முடிகிறது.

அடையாள அட்டைக்காகக் கலெக்டர் அலுவலகத்தில் எங்களுக்கு முகாம் நடக்கும். அடுத்த முகாமில் ஒரு பல் டாக்டரையும் உட்கார வைக்க வேண்டும், மருத்துவமனைச் சீட்டில் நாங்கள் சொல்லும் பெயரை எழுத வேண்டும் என்று உங்கள் பத்திரிகை எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
விழுப்புரம்.