விளையாட்டு பீரியடைக் கணக்குக்குக் கொடுப்பதில்லை

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு வணக்கம்.

காலாண்டு மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட வந்தபோது உங்களில் பலர் ஒரே கோரிக்கையை வைத்தீர்கள். பத்தாம் வகுப்புக்கு விளையாட்டு பீரியடை நிறுத்திவிட்டு அதைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கொடுக்கச் சொன்னீர்கள். பிள்ளை நல்ல மார்க் எடுக்க வேண்டுமே என்ற கவலைதான் அப்படிக் கேட்க வைத்தது. ஆசிரியர்கள் எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். கொடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். அந்த பீரியட் மைதானத்திலோ புங்கமரத்தடியிலோ நடக்கும். மழை கொட்டினால் மட்டும் வராந்தா. காரணத்தை உங்களுக்குச் சொல்வது என் கடமை.

முதலில் கண். பள்ளியில் நடந்த கண் பரிசோதனையில் கிட்டப்பார்வை உள்ள பிள்ளைகள் நிறையப் பேர் தெரிய வந்தார்கள். அதில் சிலர் கரும்பலகை தெரியாமல், பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்தே இத்தனை நாள் எழுதியிருக்கிறார்கள். போனைத்தான் நாம் எல்லோரும் திட்டுகிறோம். கிட்டத்தில் வைத்துப் பார்ப்பதற்கும் பங்கு உண்டு, சரி. ஆனால் பகல் வெளிச்சம் போதாததும் ஒரு பெரிய காரணம். வகுப்பறையில் டியூப்லைட் எல்லாம் எரிந்தாலும் சில நூறு லக்ஸ்தான் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்கும். வெளியே மர நிழலில் நின்றாலே அதைப்போலப் பல மடங்கு. அந்த வெளிச்சத்தில் விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது, கண்விழி அளவுக்கு மேல் நீண்டு கிட்டப்பார்வை வராமல் அது பார்த்துக்கொள்கிறது என்பது ஆராய்ச்சியாளர்கள் தரும் விளக்கம்.

சீனாவில் குவாங்சோ நகரத்தின் 12 தொடக்கப் பள்ளிகளில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளி நாட்களில் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் விட்டார்கள். மூன்று ஆண்டுகளில், வழக்கம்போல் நடந்த பள்ளிகளில் 39.5 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. வெளியில் விட்ட பள்ளிகளில் 30.4 சதவீதம். 2015-இல் வெளியான முடிவு இது. ஏறக்குறைய ஒரு பீரியட் நேரம்தான், யோசித்துப் பாருங்கள். சின்ன வயதிலேயே தொடங்குவது நல்லது என்பதால் வீட்டில் இருக்கும் தம்பி தங்கைகளையும் வெளியே விடுங்கள். ஏற்கெனவே பவர் வந்த பிள்ளைக்கு வெயில் மருந்தாகாது. கண்ணாடியை ஒழுங்காகப் போட வேண்டும்.

மனசுக்கும் இதில் பலன் உண்டு. கவனக் குறைபாடு உள்ள பிள்ளைகளை அமெரிக்காவில் 20 நிமிடம் பூங்காவில் நடக்க விட்டு, அப்புறம் சோதித்தார்கள். கடைத்தெருவில் நடந்து வந்த நாளைவிட அன்று கவனம் நன்றாக நின்றது. இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் விசாரித்ததில், வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது மரம் செடி, நீர்நிலை பக்கம் போகிறவர்கள் உடம்பும் மனசும் நன்றாக இருப்பதாக அதிகம் சொன்னார்கள். நன்றாக இருப்பவர்கள்தான் வெளியே போகிறார்களோ என்றும் கேட்கலாம். விசாரித்து எடுத்த கணக்கு அதற்குப் பதில் சொல்லாது. ஆனாலும் வகுப்பில் தினமும் பார்க்கிற எனக்கு அது பொருந்தித்தான் தெரிகிறது.

நம் ஊரைச் சுற்றி எங்கு பார்த்தாலும் வயல். ஆனால் பிள்ளைகள் காலையில் வேனில் வருகிறார்கள், சாயங்காலம் நேரே டியூஷன், இருட்டிய பிறகு வீடு. சம்பா நடவை வேன் ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி. ஏழாம் வகுப்பை ஒருநாள் பள்ளிக்குப் பின்னால் வாய்க்கால் கரைக்கு அழைத்துப் போனோம். சேற்றில் நத்தைகுத்தி நாரை ஒன்று நின்றது. அலகை மூடினாலும் நடுவில் ஒரு சந்து தெரியும் பறவை அது. ஒரு நத்தையைப் பிடித்து, ஓட்டை நொறுக்காமல் சதையை மட்டும் இழுத்துத் தின்றது. நாற்பது பிள்ளைகளும் மூச்சுக் காட்டவில்லை. வகுப்பில் கேள்வி கேட்டால் தலை குனிகிற ஒரு பையன், வயல் நண்டு வரப்பில் வளை போட்டால் தண்ணீர் எப்படி வடிந்துவிடும், அதை எப்படி மிதித்து அடைக்க வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். அதன் பிறகு வகுப்பிலும் கை தூக்குகிறான்.

பாம்பு, தண்ணீர் என்று நீங்கள் பயப்படுவது நியாயம். கண்ணாடி விரியனும் கட்டு விரியனும் இங்கே உண்டு. செருப்பில்லாமல் வரப்பில் இறங்கக் கூடாது, வைக்கோல் போருக்குள் கை விடக் கூடாது, இருட்டினால் டார்ச் வேண்டும். கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டவோ கீறவோ வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வடகிழக்குப் பருவமழை முடியும் வரை ஆற்றிலும் மதகுப் பக்கமும் எந்தப் பிள்ளையும் இறங்க வேண்டாம். மருந்து அடித்த வயலுக்குள்ளும் விடாதீர்கள்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்று. பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம் பிள்ளை வெளியில் இருக்கட்டும். டியூஷன் ஆறு மணிக்குத் தொடங்கட்டும். டியூஷன் எடுப்பவர்களிடம் நானும் பேசுகிறேன். பந்து விளையாடலாம், குளத்தங்கரையில் நடக்கலாம், தாத்தாவோடு கொல்லையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம். பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எட்டாம் வகுப்பு வந்ததும் அவர்களை மட்டும் வீட்டோடு நிறுத்திவிடுகிறோம். அவர்களுக்கும் கண் உண்டு, எலும்பு உண்டு, பரீட்சைப் பயமும் உண்டு. தனியாக அனுப்பத் தயக்கம் என்றால் தெருவில் நாலைந்து பேராகச் சேர்த்து விடுங்கள், ஒரு அம்மா கூட இருந்தால் போதும்.

பொங்கலுக்கு முன் ஒரு சனிக்கிழமை எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வடுவூர் ஏரிக்கு அழைத்துப் போகிறோம். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்த ஏரி அது. அந்தச் சமயம் வெளிநாட்டு வாத்துகளும் வந்திருக்கும். காலை ஆறரைக்குப் புறப்பட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவோம். தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் கொடுத்து அனுப்புங்கள். அனுமதிச் சீட்டு இத்துடன் இருக்கிறது. கையெழுத்திட்டு, வீசிங் போன்ற தொந்தரவு இருந்தால் அதையும் எழுதி, வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்பவும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்