வேலையை விடலாமா என்று கேட்ட நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா மறுபடி தானாகவே மாடி ஏறுகிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும்தான் மனசு லேசானது. உன் மகள் பள்ளிப் படிப்பை முடிக்கப் போகிறாள் என்பதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. என் ஞாபகத்தில் அவள் உன் தோளை விட்டு இறங்கவே இல்லை. இங்கே எல்லோரும் நலம். பட்டறையில் புதிதாக இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள், இருவரும் இளம் பிள்ளைகள். ஆய்வுக்கூடத் தராசு ஒன்றைப் பிரித்துப் பூட்டி, அது சரியான எடை காட்டியதும் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட பார்வை இருக்கிறதே, அதற்காகவே இந்தத் தொழிலை நடத்தலாம்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை வருடக் கணக்குப் பிரிவு வேலையை விட்டுவிட்டு, சிறு தொழில் செய்பவர்களுக்குக் கணக்கு பார்த்துக் கொடுக்கும் அலுவலகம் ஒன்றைத் தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். தொடங்கு. உனக்கு அந்தத் திறமை இருக்கிறது. சிறு தொழில்காரர்களுக்கு உன்னைப் போன்ற ஒருவர் எவ்வளவு தேவை என்பது அவர்களில் ஒருவனான எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ராஜினாமாக் கடிதத்தை இப்போது கொடுக்காதே. ஏன் என்று விரிவாகவே சொல்கிறேன்.

வேலையை விட்டால் சம்பளம் போகும் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். நான் வெளியே வந்த பிறகு புரிந்துகொண்டது வேறு. வேலை செய்து முடிப்பதற்கும் அதற்கான பணம் கைக்கு வருவதற்கும் நடுவே ஒரு காலம் இருக்கிறது. சம்பளக்காரன் கண்ணில் அது படுவதே இல்லை. வாடிக்கையாளர் பணம் கொடுத்தாரா, இழுத்தடிக்கிறாரா, பில்லில் தகராறு செய்கிறாரா என்பதெல்லாம் அவனுக்குத் தெரியாது. மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடும். அந்த இடைக்காலத்தை அவனுக்காகக் கம்பெனி சுமக்கிறது. சொந்தத் தொழிலில் அந்தச் சுமை முழுவதும் நம் தலையில் வந்து இறங்குகிறது. நல்ல வேலைக்காரர்கள், நேர்மையானவர்கள், வாடிக்கையாளர் மெச்சும்படி வேலை செய்பவர்கள்கூடத் தொழிலை மூடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

உனக்கு எண்களில் சொன்னால் சட்டென்று பிடிபடும். மாதம் 100 ரூபாய்க்கு பில் போடுகிறாய் என்று வைத்துக்கொள். உதவியாளர் சம்பளம், வாடகை, மென்பொருள் எல்லாம் சேர்த்து 80 செலவு. அந்த 80-ஐ அந்த மாதமே கொடுத்தாக வேண்டும். பில்லை மாதத் தொடக்கத்திலேயே கொடுத்தாலும் பணம் 60 நாள் கழித்துத்தான் வருகிறது. அப்படியானால் முதல் வரவைப் பார்ப்பதற்குள் உன் கையிலிருந்து 160 போயிருக்கும். அது நஷ்டம் இல்லை, ஆனால் தொழில் நடக்கும் வரை அந்தப் பணம் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும், வீட்டுக்கு எடுக்க முடியாது. இப்போது வேலை இரட்டிப்பாகிறது, எல்லோரும் உன்னை வாழ்த்துகிறார்கள். இன்னொரு 160 வேண்டும். உன் பழைய லாபமோ மாதம் 20. வீட்டுக்கு ஒரு பைசா எடுக்காமல் சேர்த்தாலும் 8 மாத லாபம் அதற்கே சரியாகப் போய்விடும். வேலை இல்லாமல் தவிப்பவனைவிட, வேலை வேகமாகப் பெருகியவன்தான் ரொட்டேஷனுக்குப் பணம் இல்லாமல் மூச்சுத் திணறுவான். இதை வெளியிலிருந்து யாரும் பார்ப்பதில்லை.

இதில் உனக்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது. நீ இத்தனை வருடமாக அந்த 60 நாளின் மறுபக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாய். எந்த பில் முதலில் பாஸ் ஆகும், எது மேஜையில் கிடக்கும், பர்ச்சேஸ் ஆர்டர் எண் இல்லாத பில் எப்படித் திரும்பி வரும், மாதக் கடைசியில் வந்து சேர்ந்த பில் எப்படி அடுத்த மாதக் கணக்குக்குத் தள்ளிப்போகும் என்பதெல்லாம் உனக்கு அத்துப்படி. எங்களைப் போன்றவர்கள் இதைக் கற்றுக்கொள்ளச் சிரமப்பட்டோம். அதனால் முதல் நாளிலிருந்தே உன் நிபந்தனையைத் தெளிவாக வை. மாதாமாதம் செய்யும் வேலைக்கு மாதத் தொடக்கத்திலேயே பணம். பெரிய வேலை என்றால் பாதி அட்வான்ஸ். கேட்கக் கூச்சமாக இருக்கும். ஆனாலும் கேள். அட்வான்ஸ் கொடுக்கத் தயங்காத வாடிக்கையாளர் பின்னாலும் இழுத்தடிப்பது குறைவு, இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது கட்டணம். இப்போதைய சம்பளத்தை வேலை நேரத்தால் வகுத்து ஒரு மணிக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டிருப்பதாக எழுதியிருந்தாய். அந்தக் கணக்கை மாற்ற வேண்டும். வாரம் 40 மணி, 52 வாரம் என்றால் வருடத்துக்கு 2,080 மணி. விடுமுறை, உடம்பு சரியில்லாத நாள், வீட்டு விசேஷம் எல்லாம் போக 1,800 மிஞ்சும். அதில் புது வாடிக்கையாளரைத் தேடுவது, கொட்டேஷன் போடுவது, பாக்கி வசூல், உன் சொந்தக் கணக்கு, புதிய விதிகளைப் படிப்பது என்று பாதிக்குப் பாதி போய்விடும். அவற்றுக்கு யாரும் உனக்குப் பணம் தரமாட்டார்கள். பில் போடக்கூடிய நேரம் 900, 1,000 மணிதான். ஓய்வுக்காலச் சேமிப்பிலும் மருத்துவக் காப்பீட்டிலும் கம்பெனி இதுவரை கட்டிய பங்கு இனி உன்னுடையது. ஆக, நீ போட்ட கட்டணத்தை இரண்டு மடங்குக்கு மேல் உயர்த்தினால்தான் இப்போதைய வாழ்க்கையே நடக்கும். அது பேராசை இல்லை. குறைந்த கட்டணத்தில் ஆரம்பித்துப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காதே. முதலில் சொன்ன தொகையைத்தான் வாடிக்கையாளர் உன் மதிப்பாக மனதில் வைத்துக்கொள்வார்.

பெயர், முத்திரை, அலுவலக இடம் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். அதெல்லாம் தானாக அமையும், விடு.

எதற்காக இப்போது ராஜினாமா வேண்டாம் என்கிறேன்? வேலையில் இருந்துகொண்டே தொடங்குபவனுக்கு மனத்துணிவு போதாது என்று சிலர் உன்னிடம் சொல்லியிருக்கிறார்கள் போல. நான் அதை ஒப்புக்கொள்ளவே மாட்டேன். நைக்கி கம்பெனியின் பில் நைட் உன்னைப் போலக் கணக்கர்தான். 1964-ல் தன் பயிற்சியாளரோடு சேர்ந்து காலணி வியாபாரத்தைத் தொடங்கியவர், கணக்கர் வேலையையும் பிறகு கல்லூரியில் கணக்கியல் கற்பிக்கும் வேலையையும் விடாமல் பார்த்துக்கொண்டே அதை வளர்த்தார். முழு நேரமாக இறங்கியது 1969-ல். அமெரிக்காவில் ஜோசப் ரஃபீ, ஜீ ஃபெங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதையே ஆராய்ந்து 2014-ல் வெளியிட்டார்கள். வேலையில் இருந்தபடி தொழில் தொடங்கிப் பிறகு முழுதாக மாறியவர்கள், நேராக வேலையை விட்டுக் குதித்தவர்களைவிடத் தொழிலைக் கைவிடும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு குறைவு என்று கண்டார்கள். எனக்கு இது நியாயமாகவே படுகிறது. சம்பளம் வந்துகொண்டிருக்கும்போது ஒவ்வாத வாடிக்கையாளருக்கு மறுப்புச் சொல்ல முடியும். கட்டணத்தைக் குறைக்காமல் நிற்க முடியும். இந்தத் தொழில் உண்மையிலேயே உனக்குப் பிடித்திருக்கிறதா என்பதும் அதற்குள் தெரிந்துவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இரு. உன் நியமன ஒப்பந்தத்தை முழுவதும் படி. வெளி வேலை செய்யலாமா, விலகிய பிறகு அவர்களுடைய வாடிக்கையாளர்களை அணுகலாமா, முன்னறிவிப்புக் காலம் எவ்வளவு என்று பார். கம்பெனி கணினியில் உன் தொழிலின் ஒரு வரிகூடத் தட்டச்சு செய்யாதே. ஆப்பிளைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக் ஹியூலெட்-பேக்கர்ட் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே முதல் ஆப்பிள் கணினியை வடிவமைத்தார். அதை விற்கத் தொடங்கும் முன் தன் கம்பெனிக்குத்தான் கொடுக்க முன்வந்தார். அவர்கள் வேண்டாம் என்ற பிறகே சொந்தமாக விற்றார். அந்த ஒழுங்கை நான் மிகவும் மதிக்கிறேன். தேவைப்பட்டால் எழுத்தில் அனுமதி கேள்.

உன் வயதைப் பற்றி வருத்தப்பட்டிருந்தாய். அதை விட்டுவிடு. அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறையின் தரவுகளை வைத்து நடந்த ஓர் ஆய்வில், மிக வேகமாக வளர்ந்த புதிய நிறுவனங்களைத் தொடங்கியவர்களின் சராசரி வயது, தொடங்கிய நேரத்தில், 45. அதே துறையில் முன்பே வேலை பார்த்தவர்களுக்கு வெற்றி வாய்ப்பு கூடுதல் என்றும் அதில் தெரிந்தது. முதலீட்டு வங்கியில் உயர்ந்த பதவியில் இருந்த ஃபால்குனி நாயர் 2012-ல் நைக்கா என்ற அழகுசாதன விற்பனை நிறுவனத்தைத் தொடங்கியபோது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். உன் அனுபவம்தான் உன் கைமுதல்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் நண்பன் இல்லை. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகத்தின் கணக்குப்படி, புதிதாகத் தொடங்கும் தொழிலகங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று முதல் வருடத்திலேயே மூடப்படுகிறது, ஐந்து வருடத்தில் பாதி. பார்ட்டன் ஹாமில்டன் என்ற பொருளியலாளர் 2000-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் யோசிக்க வைப்பது: பத்து வருடம் தொழில் நடத்திய பிறகும், நடுத்தர நிலையில் இருப்பவரின் வருமானம், அதே காலம் சம்பளத்தில் இருந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிட 35 சதவீதம் குறைவு. பணம் ஒன்றுக்காகத்தான் வெளியே வருகிறாய் என்றால், தயவுசெய்து வராதே. எனக்குக் கிடைத்தது வேறு. நாள் முழுவதும் நான் செய்த வேலை யாருக்குப் பயன்பட்டது என்று எனக்குத் தெரிகிறது. தவறான கருவியை விற்றுத் தா என்று யாரும் என்னைக் கட்டாயப்படுத்த முடியாது. பழுது பார்க்க முடிகிறதென்றால் "புதிது வாங்க வேண்டாம், இதையே சரிசெய்து தருகிறேன்" என்று சொல்லும் உரிமை எனக்கு இருக்கிறது. அந்த உரிமைக்காகக் குறைந்த வருமானத்தை நான் மனசார ஏற்றுக்கொண்டிருக்கிறேன். உனக்கு அப்படி ஒன்று எது என்று யோசித்து எனக்கு எழுது. உன் கடிதத்தில் அது மட்டும்தான் இல்லை.

தங்கச்சியிடம், அதாவது உன் மனைவியிடம், இதையெல்லாம் பேசிவிட்டாயா? "அவளுக்குச் சம்மதம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். சம்மதம் மட்டும் போதாது, இருவரும் சேர்ந்து இரண்டு விஷயங்களைக் காகிதத்தில் எழுதி வைக்க வேண்டும். சேமிப்பில் எவ்வளவு வரை தொழிலுக்குள் போகலாம், அதற்கு மேல் தொடவே கூடாது என்று ஒரு தொகை. எந்தத் தேதிக்குள் மாதம் இவ்வளவாவது வீட்டுக்கு வரவில்லை என்றால் மறுபடி வேலை தேடுவது என்று ஒரு கெடு. இதை இப்போதே, மனசு அமைதியாக இருக்கும்போது எழுதுங்கள். நெருக்கடி வந்த பிறகு யாராலும் நிதானமாக முடிவெடுக்க முடியாது. குழந்தையின் கல்லூரிப் பணம் அந்தத் தொகைக்குள் வரவே கூடாது. வீட்டுக் கணக்கும் தொழில் கணக்கும் தனித்தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை; ஆனால் கணக்கு தெரிந்தவர்களே தங்கள் சொந்த விஷயத்தில் இதைத் தள்ளிப் போடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், உன் அலுவலகத்திலிருந்தே ஒரு பெரிய வேலை ஒப்பந்தம் கிடைக்கும் என்று எழுதியிருந்தாய். நல்லதுதான். ஆனால் உன் வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே இடத்திலிருந்து வந்தால் நீ அவர்களுக்கு மறுபடியும் வேலைக்காரன்தான், சம்பளப் பாதுகாப்பு மட்டும் இல்லாத வேலைக்காரன். அவர்கள் ஒரு மின்னஞ்சலில் உன்னை நிறுத்திவிடலாம். எங்கள் தொழில் தொடங்கிய காலத்தில் ஒரு பெரிய வாடிக்கையாளர் திடீரென்று எல்லாப் பராமரிப்பையும் உள்ளேயே பார்த்துக்கொள்ள முடிவு செய்தார்கள். சிறு சிறு வாடிக்கையாளர்கள் நிறைய இருந்ததால்தான் எங்களால் யாரையும் வேலையை விட்டு அனுப்பாமல் தாண்ட முடிந்தது. அதனால் அந்தப் பெரிய வேலையை எடு, ஆனால் அதே நேரத்தில் சின்னச் சின்னக் கணக்குகளைத் தேடிப் பிடி. முதலில் மூன்று, நான்கு பேர் தங்கள் கையால் பணம் கொடுக்கட்டும். உறவுக்காரர்கள் வேண்டாம், உன்னைத் தெரியாதவர்கள். அவர்கள் அடுத்த மாதமும் வந்தால், அன்று எனக்கு போன் செய். ராஜினாமாக் கடிதத்தைச் சேர்ந்தே எழுதுவோம்.

அடுத்த மாதம் வேலையாக உன் பக்கம் வர வேண்டியிருக்கிறது. ஒரு நாள் கூடுதலாகத் தங்குகிறேன். உன் ஒப்பந்தம், கடந்த ஒரு வருட வீட்டுச் செலவுக் கணக்கு, நீ மனதில் வைத்திருக்கும் வாடிக்கையாளர் பட்டியல் மூன்றையும் எடுத்து வை. தங்கச்சியும் கூட உட்காரட்டும். என் கணக்குப் புத்தகத்தையும் கொண்டு வருகிறேன், தொடங்கிய வருடத்திலிருந்து எல்லாம் அதில் இருக்கிறது. நல்ல மாதம் எது, மோசமான மாதம் எது என்று நீயே பார்த்துக்கொள்ளலாம். உன் முதல் வாடிக்கையாளர்களில் ஒருவனாக என் பெயரையும் எழுதிக்கொள் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் உன்னைத் தெரியாதவர்கள்தான் முதலில் வர வேண்டும் என்று நானே சொல்லிவிட்டேன், அதனால் அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். மகளுக்கு என் வாழ்த்து. தேதி முடிவானதும் எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறை நண்பன்