பட்டாணி சூப்பும் சுருங்கின விதையும்

திருகோணமலை
ஜனவரி 25

அன்பின் மச்சானுக்கு,

நலம், நலமறிய ஆவல். வாடை இன்னும் விட்டபாடில்லை. டொக்யாட் வீதிப் பக்கம் நடக்கப் போனால் காற்று சாரத்தைப் பிடித்து இழுக்கிறது. பொங்கலன்று கோலம் போட்ட கையோடு மழை வந்து அழித்துவிட்டுப் போனது. இந்தக் கடிதத்தில் அரசியல் இல்லை, ஊர்ப் புதினம் கொஞ்சம், மிச்சமெல்லாம் பட்டாணி. ஏன் என்று சொல்கிறேன்.

மனுசிக்கு மார்கழிக் கடைசியில் நாலு பல்லுப் பிடுங்கியது. பல்செற் கட்டும்வரை கடிக்கிற சாப்பாடு வேண்டாம், உறைப்பு வேண்டாம், கொதிக்கக் கொதிக்கவும் வேண்டாம் என்று விட்டார்கள். நண்டுக்கறி இல்லாமல் ஞாயிற்றுக்கிழமையே விடியாத மனுசி அவள். பச்சையரிசிக் கஞ்சி, பாலில் ஊறின பாண், திரும்பவும் கஞ்சி. ஐந்தாம் நாள் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "நானென்ன தொட்டில் பிள்ளையே?" என்று கேட்டாள். அன்றிரவுதான் போன ஜூலையில் நீ அனுப்பின படம் ஞாபகம் வந்தது. உன் தோட்டத் துண்டில் பறித்த பட்டாணிக் காய் ஒரு குவியல், பக்கத்தில் வெள்ளைக் கோப்பையில் பச்சைப்பசேலென்று சூப். நாங்களும் வைத்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. 'நாங்கள்' என்றால் நான்தான். அவளுடைய குசினியில் எனக்கு இப்போது தற்காலிக நியமனம்.

முதல் தடவை வைத்ததைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு கடையில் காய் வாங்கினேன். வெளித்தோல் பளபளவென்று இருந்தது. உடைத்தால் உள்ளே பட்டாணி கல்லு மாதிரி, மேலே வெள்ளை படர்ந்து. காசு கொடுத்தாயிற்றே என்று பிரஷர் குக்கரில் போட்டு, பருப்புக்கு விடுகிற மாதிரி ஐந்து விசில் விட்டு, பழக்கதோசத்தில் தேசிக்காயும் பிழிந்தேன். மூடியைத் திறந்தால் பாசி பிடித்த கிணற்றுத் தண்ணீர். மனுசி எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

பிறகு யோசித்தால், பிழை எல்லாம் நாங்கள் படித்த பாடத்திலேயே இருக்கிறது. பச்சையத்தின் நடுவில் ஒரு மகனீசியம் குந்திக்கொண்டிருக்கிறது. புளிப்பும் நீண்ட நேரச் சூடும் சேர்ந்தால் அது கழன்றுவிடும். பச்சை போய்ச் சாணி நிறம் வரும். பட்டாணியிலேயே கொஞ்சம் அமிலம் உண்டு. கொதிக்கும்போது அதில் ஒரு பங்கு ஆவியோடு போகும், ஆனால் மூடிவைத்தால் திரும்பச் சட்டிக்குள்ளேயே சொட்டும். நான் மூடினதோடு நில்லாமல் தேசிக்காயும் விட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டு அக்கா, "ஒரு சிட்டிகை அப்பச்சோடா போடுங்கோ தம்பி, பச்சை நிக்கும்" என்றா. நிற்கும்தான், ஆனால் பட்டாணி கூழாய்க் கரைந்து வாயில் சவர்க்கார வாடை அடிக்கும். அந்தப் பக்கம் நான் போகவில்லை.

நல்ல காய்க்கு எங்கே போவது என்பதுதான் பெரிய பிரச்சினை. இந்த வெக்கையில் பட்டாணி காய்க்காது, அதற்கு மலைநாட்டுக் குளிர் வேண்டும். நுவரெலியா, வெலிமடைப் பக்கம் பறித்தது தம்புள்ளைக்கு வந்து, ஹபரணை, கந்தளாய் தாண்டி எங்கள் சந்தையில் இறங்கும்போது அதன் வாழ்க்கை முடிந்துவிடுகிறது. பறித்த நிமிடத்திலிருந்து உள்ளே இருக்கிற சீனி மாவாக மாறத் தொடங்கும். சூடு கூடக்கூட அந்த வேலையும் வேகமாக நடக்கும். மீனைப் போலத்தான் மச்சான். காலையில் கரைவலையில் பட்ட சூடையை மத்தியானம் வாங்கிப் பொரித்துவிட்டு, ருசி இல்லையென்று சட்டியைக் குறை சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள்தானே.

தங்கச்சியின் மூத்தவன் நுவரெலியாவில் வேலை செய்கிறான் என்று எழுதியிருந்தேன் அல்லவா? பொங்கலுக்கு வருகிறவனிடம், "மருமகன், எனக்கு உடுப்பும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், அன்றைக்குப் பறித்த பட்டாணிக் காய் இரண்டு கிலோ, மீன் கொண்டுவருகிற ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டுக் கொண்டு வா" என்றேன். பொடியன் சொன்னபடி செய்தான். விடியப்புறம் பஸ்ஸால் இறங்கி, பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நாங்கள் கும்பிடுகிற பத்திரகாளி அம்மனையும் கும்பிட்டுவிட்டு வந்தான். கோயில் வாசலில் நின்றவர் ஒருவர், "தம்பி, என்ன மீன், பாரையோ?" என்று கேட்டாராம்.

விறாந்தையில் பாயைப் போட்டு, சுளகை நடுவில் வைத்து, மூன்று பேருமாக உடைத்தோம். நீ வருசா வருசம் செய்கிற வேலை, உனக்கு இது புதினமில்லை. எனக்கு அறுபத்தெட்டு வயதில் முதல் தடவை. காயின் விளிம்பில் இருக்கிற தையலைப் பெருவிரலால் அமத்தினால் 'டப்' என்று திறக்கிறது. உள்ளே பார்த்தால் பட்டாணி எல்லாம் ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை: ஒன்று இந்தத் தோலில், அடுத்தது அந்தத் தோலில், பேருந்தில் இரண்டு வரிசைச் சீற்றிலும் மாறி மாறி ஆட்கள் குந்தியிருக்கிற மாதிரி. பெருவிரலை ஓட்டினால் கடகடவென்று சுளகில் விழுந்து உருளும். பச்சையாக ஒன்றை மனுசியின் கையில் வைத்தேன். முன்பல்லால் நசித்துப் பார்த்துவிட்டு, இன்னொன்றுக்குக் கையை நீட்டினாள். அதோடு எனக்குத் தெம்பு வந்துவிட்டது.

இரண்டு கிலோ காய்க்கு எண்ணூறு கிராமுக்குச் சற்று மேலே பட்டாணி தேறியது. மிச்சமெல்லாம் தோல். அதை எறிய மனம் வரவில்லை. கழுவி, முக்கால் பானைத் தண்ணீரில் இருபது நிமிடம் அவித்து வடித்தேன். அந்தத் தண்ணீர்தான் மச்சான் விசயம். வெறுமனே குடித்தாலே பட்டாணியின் மணமும் இனிப்பும். சூப்புத் தூள் கட்டி கிட்டி ஒன்றும் இதற்குத் தேவையில்லை. அவித்த தோலைக் கோட்டைப் பக்கமிருந்து வருகிற மான்களுக்கு வேலியோரம் வைத்தேன். ராத்திரிக்குள் துப்புரவாக்கிவிட்டன. பஸ் நிலையத்தடியில் பொலித்தீன் பையைச் சப்பிக்கொண்டு நிற்கிற பாவங்களுக்கு அன்றைக்கு ஒரு விருந்து.

சூப் இப்படித்தான்: ஒரு மேசைக்கரண்டி பட்டரில் லீக்ஸின் வெள்ளைப் பகுதியும் ஒரு பல்லு உள்ளியும் நிறம் மாறாமல் வதங்க வேண்டும். அவசரப்படக் கூடாது. லீக்ஸ் சிவந்தால் அந்த மணம் பட்டாணியை அமுக்கிவிடும். பிறகு தோல் அவித்த தண்ணீர் முக்கால் லீற்றர் விட்டு, நன்றாகக் கொதித்த பிறகு நானூறு கிராம் பட்டாணி. மூடியில்லை. மூன்று நிமிடம், கூடினால் நாலு. ஒன்றை எடுத்து நசித்தால் நசிய வேண்டும், நிறம் போடும்போது இருந்ததைவிடப் பளிச்சென்று இருக்க வேண்டும். அவ்வளவுதான், அடுப்பை நிப்பாட்டு. நாற்பது வருசம் பருப்பு அவிப்பதைப் பார்த்த கண்ணுக்கு இது பச்சையாகவே படும், கை தானாக இன்னும் ஐந்து நிமிடம் விடச் சொல்லும். விடாதே. உருளைக்கிழங்கு போட்டால் தடிப்பு வரும் என்பார்கள். தடிப்பு வரும், பட்டாணி சூப் வராது.

இனி நடந்த கூத்தைக் கேள். கொதி அடங்க முதல் பிளெண்டரில் விளிம்புவரை ஊற்றி, மூடியை இறுக்கிப் பூட்டி, ஆளியைப் போட்டேன். வெடிதான். மூடி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சுவர், குளிர்சாதனப்பெட்டி, போன வருசக் கலண்டர், என் மூக்குக் கண்ணாடி எல்லாம் பச்சை. சீலிங்கில் எப்போதும் குடியிருக்கிற பல்லி அன்றோடு வீடு மாறிவிட்டது. நல்ல காலம், முகத்தில் சூடு படவில்லை. மருமகன் ஓடிவந்து பார்த்துவிட்டு ஆறுதலாக விளக்கினான்: சூடான சூப்பை ஒரேயடியாய்ச் சுழற்றும்போது ஆவியும் உள்ளே அடைபட்ட காற்றும் சட்டென்று விரிகிறது, போக வழியில்லாவிட்டால் மூடியைத் தூக்கிக்கொண்டு போகிறது. பாதி மட்டும் ஊற்றி, மூடியின் நடுச் சிறு அடைப்பைக் கழற்றி, மேலே துணியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தொடங்க வேண்டுமாம். இதைப் பத்து நிமிடம் முன்னர் சொல்லியிருக்கலாம்.

எஞ்சிய நானூறு கிராமுக்குத் திரும்பவும் அடுப்பை மூட்டினேன். இந்த முறை ஒழுங்காக அரைத்து, அரிதட்டில் அகப்பையால் தேய்த்து வடித்தேன். தோல் எல்லாம் மேலே தங்கிவிட்டது. உப்பு, கொஞ்சம் மிளகுதூள். ஆறவிட்டு, மேலே ஒரு கரண்டி கிண்ணியாத் தயிர். 2009இல் பாலம் திறந்தபிறகு நம்முடைய பழைய வகுப்புக் கூட்டாளி கிழமைக்கு ஒரு முட்டி தயிரோடு வந்து இறங்குகிறான். முன்னர் பாதைப் படகுக்குக் காத்துக் காத்து மத்தியானம் வந்து சேர்கிறவன், இப்போது காலைத் தேத்தண்ணிக்கே வந்துவிடுகிறான். உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னான். தயிரில் புளிப்பு இருக்கிறது, ஆகவே கோப்பையில் ஊற்றின பிறகுதான் போட வேண்டும். சட்டியில் போட்டால் பழைய கிணற்றுத் தண்ணீர்க் கதைதான்.

மனுசி மூன்று கரண்டி குடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இனிக்குது. சீனி போட்டனீங்களே?"

போடவில்லை என்று கோணேசர் மேல் சத்தியம் செய்ய வேண்டியதாய்ப் போயிற்று. அடுத்த நாள் அவளே எழும்பி வந்து, "சூப் எண்டு சொல்லிக்கொண்டு மொட்டையாய்க் கிடக்குது" என்று தன் பங்குக்கு மட்டும் சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினாள். அப்போது அது சொதிக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி ஆகிவிட்டது. எனக்குத் தாளிக்காதது, அவளுக்குத் தாளித்தது என்று இப்போது ஒப்பந்தம்.

நீ ஒருமுறை எழுதியிருந்தாய், அங்கே பறித்து இரண்டரை மணித்தியாலத்துக்குள் உறையவைத்துவிடுவோம் என்று கம்பனிக்காரர் பெருமையடிப்பார்கள் என்று. அப்போது சிரித்தேன். இப்போது யோசித்தால், உறையவைக்க முதல் ஒரு நிமிடம் வெந்நீர் காட்டிவிடுகிறார்கள், ருசியைக் கெடுக்கிற நொதியமெல்லாம் அதோடு சரி. மருமகன் ஒவ்வொரு கிழமையும் பெட்டி தூக்க மாட்டான். இந்த ஊரில் இருந்துகொண்டு, லொறியில் மூன்று நாள் வெந்த 'பிரெஷ்' காயை வாங்குவதைவிட ஐஸ் பெட்டியிலிருக்கிற பையை வாங்குவதே புத்தி. போன கிழமை அப்படித்தான் வைத்தேன். தோல் தண்ணீர் இல்லாததால் கொஞ்சம் தட்டையாய் இருந்தது, ஆனால் மனுசி கோப்பையை வழித்தாள்.

இனி உனக்காகவே வைத்திருந்த சங்கதி. எங்கள் உயிரியல் மாஸ்ரரை மறந்திருக்க மாட்டாய். 5474 உருண்டை, 1850 சுருங்கினது என்று, பரம்பரை இயல்பை ஆராய்ந்த மெண்டலின் பட்டாணி விதைக் கணக்கைக் கரும்பலகையில் எழுதி, மூன்றுக்கு ஒன்று என்று பாடமாக்க வைத்தவர். அவர் கேட்டால் நித்திரையிலும் சொல்வோம். ஆனால் அந்த வகுப்பில் ஒருவனாவது பச்சைப் பட்டாணிச் செடியைக் கண்டவன் உண்டா? எங்களுக்குப் பட்டாணி என்றால் பேக்பே கடற்கரையில் கடலை வண்டிலில் வறுத்துச் சுருளில் தருகிறது. சோதனைக்காக ஒரு நாள் அந்தச் சுருளை அவர் மேசையில் கொட்டி, "சேர், இதுக்குள்ள ஒண்டும் சுருங்கேல்லை" என்று நீ சொல்லி, வெளியே முழங்காலில் நின்றாயே, நானும் கூட நின்றேனே.

காய் உடைக்கும்போது ஒன்று நன்றாக முற்றிப் பழுத்துப்போய் இருந்தது. சூப்புக்கு ஆகாது என்று மனுசி ஒதுக்கிப் போட்டாள். அடுப்படி யன்னலில் அது அப்படியே கிடந்து காய்ந்தது. நேற்று உடைத்தேன். உள்ளே ஏழு விதை. ஏழும் சுருங்கினது, கிழவியின் கன்னம் மாதிரி. சீனி கூடின பட்டாணி அப்படித்தான்: பச்சையாக இருக்கும்போது தண்ணீரை நிறையப் பிடித்து வைத்துக்கொள்ளும், காயும்போது தோல் மடிந்துவிடும். மாக் கூடினது உருண்டையாகவே நிற்கும். வண்டில்காரன் எங்களுக்குத் தந்தது முழுக்க உருண்டை இனம், அதில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? பின்னிடைவான இயல்பு, சுருங்கினதிலிருந்து சுருங்கினதே வரும் என்று மாஸ்ரர் சொன்னது ஐம்பது வருசம் கழித்து என் உள்ளங்கையில் ஏழாய்க் கிடக்கிறது. மருமகனுக்கு விளங்கப்படுத்தினேன். அவன் போனைப் பார்த்துக்கொண்டே "ஓம் மாமா" என்றான்.

நீ மாசியிலோ பங்குனியிலோ விதைக்கத் தொடங்குவாய். உன்னுடையது என்ன இனம், உருண்டையோ சுருங்கினதோ என்று பையைப் பார்த்து எழுது. வீட்டுக்காரிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல். மனுசி உன் வீட்டுக்காரிக்கு வேறாக எழுதுவாளாம், பல்செற் கட்டின பிறகு.

ஏழு விதையில் மூன்றைத் தயிர் முட்டியில் ஊன்றி, நிழல் விழுகிற வடக்குப் பக்கம் வைத்திருக்கிறேன். இந்த ஊர்ச் சூட்டுக்கு அது சரிவராது என்று எனக்கும் தெரியும். முளைத்தால் படம் அனுப்புகிறேன். முளைக்காவிட்டால் நீ இதைப் பற்றிக் கேட்கவும் வேண்டாம்.

இப்படிக்கு,
உன்னோடு முழங்காலில் நின்றவன்