ஆகும்னா என்ன அர்த்தம்

எப்டிடி இருக்க? ஹாம்பர்க்ல குளிர் ஆரம்பிச்சிருக்கும்ல. போன ஞாயித்துக்கிழமை எம்.சி. ரோட்ல உங்கம்மாவ பாத்தேன், புடவை எடுத்துட்டு இருந்தாங்க, வீடியோ கால்ல உன் மூஞ்சி ஒடுங்கி தெரியுதுன்னு ஒரே புலம்பல். ஒழுங்கா சாப்புடு.

நீ கேட்டத ரெண்டு நாளா யோசிச்சிட்டே இருக்கேன். உன் கைல இந்தியா டீம குடுத்திருக்காங்க, எத கேட்டாலும் ஆகும் மேடம் ஓகே மேடம்தான், கடைசி நாள்ல பாத்தா வேலை அப்படியே கெடக்குது, உங்க ஊர் ஆளுங்க பொய் சொல்லுவாங்களான்னு அங்க உன்னையே கேக்குறாங்கன்னு எழுதியிருந்த. படிக்கும்போதே எனக்கு சுருக்குன்னுச்சு. பதினோரு வருஷமா தம்பு செட்டி தெருல உக்காந்து தெனம் நம்ம சரக்கு வாங்கற வெளிநாட்டு பையருங்க கூட பேசிட்டிருக்கேன், எனக்கு பட்டத சொல்றேன்.

அது பொய் கெடையாதுடி. நம்மாளு ஆகும்னா, நீங்க கேட்டுட்டீங்க, மூஞ்சிக்கு நேரா மறுக்க மனசு வரல, என்னால ஆனத பண்றேன்னு அர்த்தம். பாக்கலாம்னா பாதி சந்தேகம். கொஞ்சம் கஷ்டம்னு வந்துடுச்சுன்னா சுத்தமா முடியாது, அதுக்கு மேல யாரும் வாய தொறந்து சொல்ல மாட்டாங்க. நமக்குள்ள இது புரிஞ்சிடும். வெளிநாட்டுக்காரங்களுக்கு ஆகும்ங்கறது எழுதி கையெழுத்து போட்ட மாதிரி, அத நம்பி ஃபேக்டரில ஷிஃப்ட் போட்டுடுவாங்க.

போன ஜூலைல நடந்தத கேளு. எங்க மேனேஜர் குர்கான்ல இருக்காரு, எல்லாரையும் ஜி போட்டுதான் கூப்புடுவாரு. சாயங்காலம் 6 மணி கால், உங்க பக்கம் மதியம் 2:30. சரக்கு வாங்கற அந்த பையரம்மா கேட்டது ஒண்ணே ஒண்ணு, கன்டெய்னர் பெட்டி இந்த கப்பல்ல ஏறிடுமா? நோ இஷ்யூன்னு சட்டுனு சொல்லிட்டாரு. அந்த நேரத்துல என் போன்ல துறைமுகத்துல எங்க சரக்க பாத்துக்கற வார்ஃப் கிளார்க் அண்ணன் அனுப்புன போட்டோ இருக்கு, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல திருவொத்தியூர் கிட்டயே டிரெய்லருங்க வரிசையா நிக்குது, எங்க வண்டி டிரைவர் கீழ எறங்கி டயர் ஓரமா துண்ட விரிச்சு படுத்துட்டாரு, துறைமுகத்து ஜீரோ கேட்ல கட் ஆஃப், அதாவது பெட்டி உள்ள போக கடைசி நேரம், ராத்திரி 10 மணி. நான் மியூட்ல இருந்தேன். போட்டோவ மேனேஜருக்கு வாட்ஸ்அப்ல தள்ளுனேன். ப்ளூ டிக் வந்துச்சு. மறுபடியும் நோ இஷ்யூன்னாரு.

பெட்டி ஏறல. அடுத்த கப்பல் ஒரு வாரம் கழிச்சு, அதுக்குள்ள கொழும்புல மாத்தி ஏத்த வேண்டிய பெரிய கப்பலும் போயிடுச்சு. அந்தம்மா கத்தல, 6 மணிக்கே சொல்லியிருந்தா அவசரத்துக்கு கொஞ்சம் பீஸ் பிளைட்ல அனுப்ப கேட்டிருப்பேனேன்னு மட்டும் சொன்னாங்க. அந்த குரல் இன்னும் என் காதுல இருக்கு, ஏன்னா தெரிஞ்சவ நானும்தான், நானும் வாய தொறக்கல.

மேனேஜர் மேல கோவம் வந்துச்சு. ஆனா அந்த கால்ல அவருக்கு மேல இருக்கற டைரக்டரும் உக்காந்திருந்தாரு. பெரியவங்க முன்னாடி கெட்ட சேதி சொல்லக்கூடாதுன்னு நம்மள சின்னதுலயே பழக்கிட்டாங்கடி, கணக்குல 28 மார்க் வாங்கிட்டு ரேங்க் கார்ட ஒரு வாரம் அரிசி டின்னுக்கு பின்னாடி ஒளிச்சு வெச்சேனே, நைனாகிட்ட நீதான் கூட வந்து நின்ன.

இதே மனுஷன்தான் 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலுக்கு தண்டையார்பேட்டைல எங்க தெருவே முட்டி அளவு தண்ணில நின்னப்ப தெனம் போன் போட்டாரு. கரண்ட் இல்ல, போன சார்ஜ் போட வழி இல்ல, எப்ப சிக்னல் கெடைக்குதோ அப்ப அவர் மெசேஜ் இருக்கும், நைனாவுக்கு சுகர் மாத்திரை இருக்கா, பால் கெடைச்சுதா. எங்க டாக்குமென்ட் வேலைய ராத்திரி முழிச்சு அவரே முடிச்சாரு. வெளிநாட்டு மேனேஜருங்க நல்லவங்கதான், ஆனா நான் பாத்தவங்க யாரும் வீட்டுக்குள்ள இவ்ளோ தூரம் வர மாட்டாங்க. அதனால நம்மாளுங்கள மொத்தமா தப்புன்னு என்னால சொல்ல முடியாது.

இன்னொன்னு, கால்ல வடக்கத்திக்காரங்க நாலு பேர் சேந்தா பேச்சு ஹிந்திக்கு ஓடிடும், முடிவு அதுலயே எடுத்துடுவாங்க, நானும் விஜயவாடா பொண்ணும் சும்மா உக்காந்திருப்போம். இப்பல்லாம் இங்கிலீஷ்ல பேசுங்க ஜின்னு உடனே சொல்லிடறேன், மாறிக்கறாங்க. உன் கால்லயும் யார் பேசாம இருக்காங்கன்னு கவனி.

ஜூலைக்கப்புறம் நான் ஒண்ணு பண்றேன், கால் ஆரம்பிக்கறதுக்கு பத்து நிமிஷம் முன்னாடி மேனேஜருக்கு தனியா போன் போட்டு வண்டி எங்க நிக்குது, கஸ்டம்ஸ்ல குடுக்கற ஷிப்பிங் பில் எதுல நிக்குதுன்னு இருக்கறத இருக்கற மாதிரி சொல்லிடறேன். மொதல்ல ரெண்டு வாரம் மூஞ்ச தூக்கிட்டு இருந்தாரு. இப்ப அவரே கூப்பிட்டு பெட்டி எங்கங்கறாரு.

நீயும் பத்து பேர் முன்னாடி ஆகுமா ஆகாதான்னு கேக்காத. ஆகும்னுதான் வரும். எது தடையா இருக்கு, யார் கையெழுத்து பாக்கி, வண்டி கெளம்பிடுச்சான்னு கேளு. கால்ல வராத ஆள், லாரி கூடவே நிக்கறவர், அவருக்குதான் உண்மை தெரியும், அவர் நம்பர வாங்கி வெச்சுக்கோ. அந்த கோயம்புத்தூர் பையன் மூணு வாட்டி ஆகும்னு சொல்லி பண்ணலன்னு எழுதியிருந்தல்ல, திங்கக்கிழமை அவன மட்டும் கூப்பிட்டு தமிழ்லயே பேசி பாரு. என்ன சொன்னான்னு எனக்கு எழுது.